ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு வைன் பார்

சொந்தமாக ஒரு வைன் பார் திறக்கப் போகிறேன் என்று சொன்னபோது, ஹோட்டலில் என்னோடு வேலை செய்தவர்கள் கட்டிப்பிடித்து வாழ்த்தினார்கள். எந்த இடத்தில் என்று கேட்டார்கள். ஹவுகன்ஸ்டுவா என்றேன். ஒஸ்லோவின் கடைசி ஓரத்தில், வெளிநாட்டுக்காரர் அதிகம் வாழ்கிற பகுதி அது. ஒருவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். இன்னொருவர், "அங்கே ரயில் நிற்குமா?" என்று உண்மையாகவே கேட்டார். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

ரயில் நிற்கும். அந்த நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்துதான் நான் வளர்ந்தேன். பிறந்தது நோர்வேயின் வடக்கே, பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில். அம்மாவும் அப்பாவும் அங்கே தொழிற்சாலையில் மீன் வெட்டினார்கள். நான் பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு ஒஸ்லோவுக்கு வந்து ஹவுகன்ஸ்டுவாவின் உயர்ந்த மாடிக் கட்டிடமொன்றில் குடியேறினோம். அப்பா இப்போது இல்லை. அம்மா இன்னமும் அதே வீட்டில் இருக்கிறா. நான் இரண்டு கட்டிடம் தள்ளி இருக்கிறேன்.

படிப்பை முடித்துவிட்டு ஒரு கோடை விடுமுறைக்கென்று நகர மையத்து ஹோட்டல் ஒன்றில் பரிமாறப் போனவள், அங்கேயே நின்றுவிட்டேன். காரணம் வைன். சேர்ந்த சில வாரங்களில் பரிமாறுபவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஜெர்மன் வெள்ளை வைன் ஒன்றை ஊற்றித் தந்து, என்ன மணக்கிறது என்று கேட்டார்கள். எலுமிச்சை என்றார்கள், பச்சை ஆப்பிள் என்றார்கள். நான் மூக்கைக் கிளாசுக்குள் விட்டேன். பாட்ஸ்பியோர்ட் படகுத்துறை வந்தது. குளிர்ந்த உப்புக் காற்றும், படகுகள் கக்குகிற டீசல் நெடியும். யோசிக்காமல் "டீசல்" என்று சொல்லிவிட்டு, பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன். பயிற்சி தந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பழைய ரீஸ்லிங்கில் அந்த மணம் வரும், அதைப் பிடிக்கப் பலருக்கு வருடங்கள் எடுக்கும் என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

வேலை முடிந்த நேரங்களில் படித்தேன். திராட்சை, மண், மலைச்சரிவு, வெயில், பீப்பாய் என்று படித்து, சோதனைகள் எழுதி, அந்த ஹோட்டலின் வைன் பொறுப்பாளராக வந்தேன். விருந்தினர் சிலர் என்னிடம், "வைன் தெரிந்தவரைக் கொஞ்சம் அனுப்புகிறீர்களா?" என்பார்கள். "அது நான்தான்" என்பேன். அந்த வாக்கியத்தைச் சொல்வதில் எனக்கு ஒருநாளும் அலுப்பு வந்ததில்லை.

என்னுடைய தொழில் பங்காளியைச் சந்தித்ததும் அந்த ஹோட்டலில்தான். அவ மதுரைக்காரி. கணவருடைய கணினி வேலையோடு ஒஸ்லோவுக்கு வந்தவ. ஹோட்டலின் சமையலறையில் காலைச் சாப்பாட்டுப் பிரிவில் வேலை செய்தா. என்னை விடக் கொஞ்சம் மூத்தவ என்பதால் அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினேன். ஆரம்பத்தில் நாங்கள் இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொள்ளக் கஷ்டப்பட்டோம்.

"அக்கா, பிறகு ஆறுதலாக் கதைப்பம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"ஆறுதலா? ஐயோ, வீட்ல யாருக்காவது எதாவது ஆயிடுச்சாம்மா?" என்று பதறிப்போனா. எங்கள் பேச்சில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று விளக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் ஊழியர்களுக்கான மதியச் சாப்பாட்டுக்கு அக்கா நண்டுக் குழம்பு வைத்தா. மிளகும் மிளகாயும் தாராளமாகப் போட்ட குழம்பு. எல்லாரும் தண்ணீரைத் தேடி ஓடினார்கள். முதல் நாள் திறந்து மிச்சம் கிடந்த ரீஸ்லிங் போத்தல் ஒன்று என் கையில் இருந்தது. கொஞ்சம் இனிப்பு உள்ளது. ஒரு வாய் குழம்பு, ஒரு மிடறு வைன். அந்த மெல்லிய இனிப்பு மிளகாயின் எரிச்சலைப் பிடித்து அமத்தியது. நண்டின் ருசி மட்டும் நாக்கில் தனியாக நின்றது. அதே குழம்போடு கனத்த சிவப்பு வைன் ஒன்றையும் குடித்துப் பார்த்தேன். வாய் நெருப்பானது. எங்கள் சாப்பாட்டுக்கு வைன் சரிவராது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் பிழையான போத்தலைத் திறந்திருக்கிறார்கள் என்று அந்தச் சமையலறையில் நின்றபடி எனக்கு விளங்கியது.

அக்கா குடிக்கிறதில்லை. நான் வற்புறுத்தியதால் நாக்கு நுனியில் மட்டும் தொட்டுப் பார்த்தா. "புளிச்ச பழரசம்தானே இது, இதுக்கா இவ்வளவு படிப்பு?" என்று கேட்டா. பிறகு குழம்பில் விரலைத் தோய்த்து நக்கிவிட்டு, இன்னொரு தரம் நாக்கை வைத்தா. "சீரியஸாவே நல்லா இருக்கும்மா" என்றா.

அதிலிருந்துதான் கதை தொடங்கியது. ஹவுகன்ஸ்டுவாவில் தாதிகள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பஸ் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கட்டிடங்கள் கட்டிய காலத்திலேயே வந்து குடியேறிய வயதான நோர்வேஜியர்கள் இருக்கிறார்கள். ஒரு கிளாஸ் வைனோடு அமைதியாக இருந்து கதைக்க வேண்டுமென்றால் எல்லாரும் ரயில் ஏறித்தான் போக வேண்டும். வங்கிக் கிளை ஒன்று மூடிவிட்டுப் போன இடம், பெரிய கண்ணாடி ஜன்னல்களோடு, நிலையத்துக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. தினமும் அதைக் கடந்து போவேன். கடைசியில் ஒருநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தோம்.

"ரிஸ்க்தான்" என்றா அக்கா. "ஆனா கிச்சனை அந்த மூலைல போடலாம்."

அம்மாவுக்குச் சொன்னதுதான் கஷ்டமான காரியம். மீன் கழுவிக்கொண்டு நின்றா. தண்ணீரை நிப்பாட்டினா.

"சாராயக்கடையோ?"

"சாராயம் இல்லையம்மா. வைன். சாப்பாடும் இருக்கு."

"கோயில்ல சனம் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"வைன் பார் எண்டு சொல்லுங்கோ."

"என்ர வாயால அது வராது, பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைத் திரும்பவும் திறந்தா. கோபப்படவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கடை திறந்த பிறகும், மகள் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறாள் என்றுதான் வெளியே சொல்லித் திரிந்தா.

நோர்வேயில் மது பரிமாறுவதற்கு அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஒரு பொறுப்பாளரும் அவர் இல்லாதபோது பார்க்க ஒரு பதில் பொறுப்பாளரும் வேண்டும். இரண்டு பேரும் மதுச் சட்டச் சோதனையில் தேற வேண்டும். பொறுப்பாளர் நான். பதில் பொறுப்பாளர், வாழ்நாளில் ஒரு கிளாஸ்கூடக் குடித்து முடிக்காத அக்கா. ரயிலில் வரும்போதும் போகும்போதும் நோர்வேஜிய மொழியில் சட்டத்தைப் பாடமாக்கினா. வெறி ஏறியவருக்கு ஊற்றக் கூடாது, வயதை எப்படிப் பார்க்க வேண்டும், எதை விளம்பரம் செய்யக் கூடாது என்று எல்லாவற்றையும் என்னிடம் ஒப்புவித்தா. இருவரும் முதல் தடவையிலேயே தேறினோம். என்னை விட அக்காதான் துள்ளினா.

அதற்குப் பிறகு வந்தது எதிர்ப்பு. எங்கள் இடத்துக்கு அடுத்த கடை மரக்கறிக் கடை. அதை நடத்தியவர் லாகூரிலிருந்து வந்தவர். சின்ன வயதில் அவருடைய கடையில்தான் நான் வெண்டிக்காயும் கொத்தமல்லியும் வாங்கியிருக்கிறேன். எங்கள் அனுமதி பற்றிப் பகுதி மன்றத்தில் பேசப்பட்ட அன்று அவர் எழுந்து நின்று நோர்வேஜிய மொழியில் நிதானமாகச் சொன்னார்:

"இந்தப் பிள்ளையைச் சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கதவுக்கு முன்னால்தான் எங்கள் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற பாதை இருக்கிறது. குடித்தவர்கள் நிற்கிற வாசலைத் தாண்டி அவர்கள் ஏன் போக வேண்டும்?"

மண்டபத்தில் கைதட்டினார்கள். எனக்கு முகம் எரிந்தது. பதில் சொல்ல எழும்பினேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பழைய வங்கியின் கதவு அந்தப் பாதையைப் பார்த்துத்தான் இருந்தது. ஆயத்தம் செய்துகொண்டு போன வாதங்களை விட்டுவிட்டு, "வாசலை மாற்றினால்?" என்று கேட்டேன்.

அப்படியே செய்தோம். பாதைப் பக்கத்துக் கதவை அடைத்து ஜன்னலாக்கினோம். நிலையத்தைப் பார்க்கிற பக்கத்தில் சுவரை வெட்டிப் புதுக் கதவு வைத்தோம். திரைச்சீலை போடவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் வெளியில் நின்று பார்க்கலாம். பத்து மணிக்கு மூடுவோம் என்று நாங்களாகவே முடிவெடுத்தோம். வைனைப் போலவே கவனமாகத் தெரிந்தெடுத்த, மது இல்லாத குடிவகைகளும் வைத்தோம். ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டின் சாறு, ஆப்பிள் சாறு, அக்காவின் நன்னாரி சர்பத். இவற்றையும் வைன் கிளாசில்தான் ஊற்றினோம். இதையெல்லாம் செய்ததால் திறப்பு வசந்தத்திலிருந்து இலையுதிர் காலத்துக்குத் தள்ளிப்போனது. மரக்கறிக் கடைக்காரர் திறப்பு விழாவுக்கு வரவில்லை. ஆனால் மறுநாள் காலை எங்கள் புதுக் கதவடியில் ஒரு பெட்டி எலுமிச்சம்பழம் இருந்தது.

முதல் மாதங்களில் வந்தவர்களில் பாதிப் பேர் பிழையான இடத்துக்கு வந்தவர்கள். எங்கள் தமிழ் ஆட்கள் கூட்டமாக வந்து மேசையைச் சுற்றி இருப்பார்கள்.

"தங்கச்சி, விஸ்கி என்ன இருக்கு?"

"விஸ்கி இல்லை அண்ணை. வைன்தான்."

"வைனைக் குடிச்சு என்ன செய்யிறது? சரி, கிளாசை நிரப்பி ஊத்துங்கோ."

"நிரப்பினால் மணம் தெரியாது அண்ணை."

"மணக்கிறதுக்கோ நாங்கள் வந்தனாங்கள்?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்களில் பஸ் ஓட்டுகிற ஒருவர் மட்டும் அடுத்த கிழமை தனியாகத் திரும்பி வந்தார். மணக்கிறது என்றால் என்ன என்று கேட்டார். நான் மூன்று கிளாசில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிக் காட்டினேன். அதற்கடுத்த கிழமை மனைவியையும் கூட்டி வந்தார். அவருடைய மனைவி நல்ல சேலை உடுத்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தா. மது வேண்டாம் என்றா. ருபார்ப் சாறு கொடுத்தேன். நண்டு, உளுந்து வடை, கொட் மீன் கட்லெட் எல்லாம் வந்தன. போகும்போது என் கையைப் பிடித்து, "கலியாணம் முடிச்ச நாளில இருந்து நாங்கள் ரெண்டு பேரும் தனிய ஒரு இடத்தில வந்து இருந்து சாப்பிட்டதில்லை, தங்கச்சி. எப்பவும் பிள்ளையள், இல்லாட்டி விசேசம்" என்றா. இப்போதும் மாதத்தில் ஒருநாள் வருகிறார்கள். அதே ஜன்னல் மேசை.

முதல் குளிர்காலத்தில் வியாபாரம் மெலிந்து கிடந்தது. சில நாட்களில் அக்காவும் நானும் எங்களுக்காகவே வடை சுட்டுச் சாப்பிட்டோம். ஆனால் கட்டிடங்களில் இருந்த வயதான நோர்வேஜியர்கள் ஒருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். உறைப்பு எவ்வளவு தாங்குவீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ற வைனைக் கொடுப்பேன். "இன்னும் கொஞ்சம் உறைப்பு" என்று கேட்கிற அளவுக்கு அவர்கள் வசந்தத்துக்குள் தேறிவிட்டார்கள்.

இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு கடும் குளிர் நாளின் முற்பகலில், கடை திறக்க முன்னர், மேல்மாடித் தண்ணீர்க் குழாய் வெடித்தது. பின்னறையின் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. அங்கேதான் எங்கள் போத்தல்கள் முழுவதும் இருந்தன. அக்கா கத்தினா. நான் போத்தல்களை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெளியே வைத்தால் உறைந்து வெடிக்கும்.

சத்தம் கேட்டு மரக்கறிக் கடைக்காரர் வந்தார். ஒரு கணம் நின்று பார்த்தார். போய், சாவிக்கொத்தில் ஒரு திறப்பைத் தேடியபடி திரும்பி வந்தார்.

"என் நிலவறை காய்ந்து கிடக்கிறது. உருளைக்கிழங்கு வைக்கிற இடம். குளிரும் இல்லை, சூடும் இல்லை" என்றார். "போத்தலை நான் தொடமாட்டேன். மற்றதெல்லாம் தூக்குவேன்."

அப்படியே நடந்தது. நானும் அக்காவும் போத்தல்களைச் சுமந்தோம். அவர் மேசைகளையும் கதிரைகளையும் மர அடுக்குகளையும் தனியாளாகச் சுமந்தார். அவருடைய நிலவறையில் ஒரு பக்கம் உருளைக்கிழங்கு மூட்டைகள், மறுபக்கம் என் ரீஸ்லிங். உடைந்தது மிகக் கொஞ்சம்தான்.

அதற்குள் யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. குளிர்ச் சப்பாத்தும் வாளியும் பழைய துவாய்களுமாகப் பனிக்குள்ளால் நடந்து வந்தா. திறந்த நாளிலிருந்து உள்ளே கால் வைக்காதவ. ஒன்றும் கேட்காமல் குந்தி இருந்து தண்ணீரை ஒற்றிப் பிழியத் தொடங்கினா. கொஞ்ச நேரத்தில் அவவின் கைத்தொலைபேசி அடித்தது. கோயில் சிநேகிதி ஒருவர். கை ஈரமாக இருந்ததால் சத்தத்தைக் கூட்டி நிலத்தில் வைத்துக்கொண்டு கதைத்தா.

"என்னடியப்பா, எங்கை நிக்கிறாய்? பூசைக்கு வரேல்லையோ?"

"இல்லையடி. மகளின்ர வைன் பாருக்குள்ள தண்ணி ஏறிப்போட்டுது. இறைச்சுக்கொண்டு நிக்கிறன். பேந்து எடுக்கிறன்."

நான் அடுக்கொன்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை அகட்டினா. அம்மா எங்களைப் பார்க்கவில்லை. துவாயைப் பிழிந்து வாளியில் ஊற்றிவிட்டு, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? அங்கால இன்னும் கிடக்கு" என்றா.

காப்புறுதி நிறுவனமும் கட்டிடச் சங்கமும் சேர்ந்து கூரையைத் திருத்தித் தந்தார்கள். சில வாரம் பூட்டிக் கிடந்துவிட்டுத் திரும்பத் திறந்தபோது, நாங்கள் எதிர்பாராத அளவுக்குக் கூட்டம் வந்தது. பூட்டிக் கிடந்தபோதுதான் இந்த இடம் தங்களுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்ததாக வயதான ஒரு பெண் சொன்னா. அந்தக் கூட்டத்துக்குள் நகரப் பத்திரிகை ஒன்றுக்குச் சாப்பாடு பற்றி எழுதுகிறவரும் ஒருநாள் வந்து இருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. பத்திரிகையில் வந்த பிறகுதான் தெரிந்தது. நண்டையும் ரீஸ்லிங்கையும் பற்றி எழுதியிருந்தார். ஹவுகன்ஸ்டுவாவில் இறங்குங்கள், வெட்கப்பட வேண்டியது இதுவரை இறங்காததற்குத்தான் என்றும் எழுதியிருந்தார். அதை வாசித்துவிட்டு நான் சமையலறைக்குள் போய் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அக்காவின் கையில் இருந்த வடை மா என் முதுகெல்லாம் ஒட்டியது.

நகரத்தின் வசதியான மேற்குப் பக்கத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நிலையத்தில் இறங்கி, நாலா பக்கமும் பார்த்து, பள்ளிப் பிள்ளைகளிடம் வழி கேட்டு வந்தார்கள். மரக்கறிக் கடைக்காரர் தன் கடைக்கு வெளியே மாம்பழப் பெட்டிகளை எங்கள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். வைன் குடிக்க வந்தவர்கள் மாம்பழமும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார்கள்.

போன வருடம் ஒரு கட்டிட நிறுவனத்திலிருந்து எங்களைக் கூப்பிட்டார்கள். கடலோரத்தில், புதிதாகக் கட்டிய பகுதியில் ஒரு இடம் தருகிறோம், உங்கள் பாரை அங்கே கொண்டு வாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தோம். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வெளியே பியோர்ட். எங்களைக் கூட்டிப் போனவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "நீங்கள் இங்கே இருக்க வேண்டியவர்கள்" என்றார். புகழ்ச்சியாகத்தான் சொன்னார்.

திரும்பி வருகிற ரயிலில் அக்கா பேச்செடுத்தா.

"கடல் தெரியுதும்மா அங்க."

"ஓம் அக்கா. வடிவாத்தான் கிடக்கு."

"கிச்சனும் பெருசு."

"ஓம்."

"நீ என்ன நினைக்கிற? உண்மையச் சொல்லு."

"அங்கை எங்களைப் போல பத்துப் பேர் இருக்கினம், அக்கா. இஞ்சை நாங்கள் மட்டும்தான்."

அக்கா சிரித்தா. "நானும் அதையேதான் நினைச்சேன். நீ முதல்ல சொல்லட்டும்னு இருந்தேன். எனக்கு நம்ம ஜன்னல்ல தெரியுற ஆளுங்க போதும்."

மறுநாளே நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். எங்கள் மற்றப் பக்கத்தில் இருந்த முடி திருத்தும் கடைக்காரர் அந்தக் கோடையில் ஓய்வு பெற்றார். அந்த இடத்தையும் எடுத்து, நடுச்சுவரை உடைத்தோம். இப்போது இன்னொரு சமையற்காரரும் பரிமாறுபவர் இருவரும் எங்களோடு வேலை செய்கிறார்கள். எல்லாரும் நடந்து வேலைக்கு வருகிற தூரத்தில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பயிற்சி வைக்கும்போது போத்தலின் பெயரை நான் சொல்வதில்லை. உங்களுக்கு என்ன மணக்கிறதோ அதைச் சொல்லுங்கள் என்பேன். ஒருவர் நனைந்த கம்பளி என்றார். இன்னொருவர் தன் ஊரில் மழைக்குப் பிறகு கொய்யா மரத்தடி என்றார். இரண்டும் சரியாகத்தான் இருந்தன.

பெருமைப்படக் கூடாது, கண்படும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் பெருமைப்படுகிறேன். சுவரை உடைத்துத் திறந்த முதல் சனிக்கிழமைப் பிற்பகல், கதவடியில் நின்று முழு இடத்தையும் ஒருதரம் பார்த்தேன். புதுப் பக்கத்து மேசைகளும் நிறைந்திருந்தன. வெயில் கிளாசுகளுக்குள்ளால் விழுந்து மேசைகளில் மஞ்சளாகக் கிடந்தது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நண்டு இன்னும் ரெண்டு பிளேட்டுக்குத்தான் வரும்" என்று கத்தினா. வாசலில் இடத்துக்காகக் காத்து நின்ற பெண் ஒருவர், நகரத்துக்குள்ளும் உங்களுக்கு ஒரு கிளை இருக்கிறதா என்று கேட்டா.

"இல்லை" என்றேன். "இங்கே மட்டும்தான். கொஞ்சம் பொறுங்கள், ஒரு மேசை காலியாகப் போகிறது."